அமுக்குவான் பேயும் எட்டு நிமிஷப் படமும்: வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்விங்கள்ல முக்கால்வாசி குறும்படம் எடுக்கற பசங்ககிட்ட இருந்து வந்திருக்கு, அதுவும் எல்லாரும் சொல்லி வெச்ச மாதிரி சைக்கலாஜிக்கல் ஹாரர், அதாவது மனசுக்குள்ள இருக்கற பயத்தை வெச்சு எடுக்கற பேய்ப்படம். ப்ராஜெக்ட் சீசன் போல. மத்த கேள்விய எல்லாம் அடுத்த இதழுக்கு வெச்சுக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அதனால கொஞ்சம் நீட்டித்தான் பேசப்போறேன்.

கேள்வி: அண்ணா, நாங்க மதுரைல விஸ்காம் மூணாம் வருஷம் படிக்கற நாலு பொண்ணுங்க. எட்டு நிமிஷத்துல ஒரு சைக்கலாஜிக்கல் ஹாரர் பண்ணணும். ஹாஸ்டல் ரூம்ல ஒருத்தி ராத்திரி முழிச்சுக்கறா, ஆனா அசைய முடியல, நெஞ்சு மேல யாரோ உக்காந்திருக்காங்க, அதான் கதை. ரிசர்ச் பண்ணுங்கன்னு சார் சொல்றாரு, நாங்களும் தினமும் ஒரு பேய்ப்படம் பாக்கறோம், ஆனா எதை எழுதினாலும் பாத்த படம் மாதிரியே வருது. ரிசர்ச்னா எங்க இருந்து ஆரம்பிக்கறது?

முதல்ல படம் பாக்கறத ரெண்டு வாரத்துக்கு நிறுத்துங்க. படத்துல இருந்து எடுத்தா படம் மாதிரிதான் வரும், வேற எப்படி வரும்? உங்க கைல இருக்கறது எவ்ளோ நல்ல விஷயம்னு உங்களுக்கே தெரியலைன்னு நினைக்கறேன். நீங்க சொல்றதுக்கு நம்ம ஊர்ல அமுக்குவான் பேய்னு பேரு, பாட்டிங்க தலைமாட்டுல வெளக்கமாறு வை, இரும்பு வைன்னு சொல்வாங்க இல்லியா, அதேதான். டாக்டருங்க இதை ஸ்லீப் பராலிசிஸ்னு சொல்வாங்க. கனவு வர்ற தூக்கத்துக்கு ரெம் தூக்கம்னு பேரு, அந்த நேரத்துல நாம கனவுல ஓடினா நிஜமா கால் ஓடிடக்கூடாதுன்னு மூளை உடம்புத் தசைய எல்லாம் ஆஃப் பண்ணி வெச்சிருக்கும். சில நேரம் மூளை முழிச்சுடும் ஆனா அந்த ஆஃப் மட்டும் இன்னும் எடுபடாம இருக்கும், கனவும் முழுசா போயிருக்காது. அப்பதான் ரூம் நிஜமா தெரியும், ஃபேன் சுத்தறது தெரியும், அதோட அங்க இல்லாத ஒருத்தரும் தெரிவாங்க. மூச்சை நாமளா ஆழமா இழுக்க முடியாதுங்கறதால நெஞ்சு மேல பாரம் வெச்ச மாதிரி இருக்கும். சில வினாடில இருந்து ரெண்டு மூணு நிமிஷம் வரைக்கும் இருக்கும், அப்புறம் தானா விட்டுடும்.

இது நம்ம ஊர்ல மட்டும் இல்ல. ஜப்பான்ல இதுக்கு கனாஷிபாரின்னு பேரு, கனடாவுல நியூஃபவுண்ட்லாந்துங்கற தீவுப்பக்கம் கிழவி வந்து உக்காந்தான்னு சொல்வாங்க. ஹென்றி ஃப்யூஸலின்னு ஒரு ஓவியர் 1781லயே இதை வரைஞ்சிருக்காரு, மல்லாந்து கெடக்கற ஒரு பொண்ணு, அவ நெஞ்சு மேல குட்டியா ஒரு உருவம் குந்திட்டு இருக்கும். அந்தப் படத்தைத் தேடிப் பாருங்க, பாத்துட்டு அந்தப் பொண்ணு ஏன் மல்லாந்து படுத்திருக்கான்னு யோசிங்க. ஸ்லீப் பராலிசிஸ் மல்லாந்து படுக்கும்போதுதான் அதிகமா வருதுன்னு பின்னாடி ஆராய்ச்சி பண்ணி சொன்னாங்க, அவர் அன்னிக்கே அப்படித்தான் வரைஞ்சிருக்காரு. தூக்கம் கெட்டுப்போனா, நேரங்கெட்ட நேரத்துல தூங்கினா இன்னும் அதிகமா வரும். ஹாஸ்டல், செமஸ்டர் பரீட்சை, மூணு ராத்திரி முழிப்பு, இதுக்கு மேல உங்க கதைக்கு காரணம் தேடவே வேண்டாம், பழைய கொலை, தூக்குல தொங்கின சீனியர் அக்கா இதெல்லாம் தூக்கிப் போட்டுடுங்க.

அடுத்தது ஆளுங்ககிட்ட போய் கேளுங்க. உங்க ஹாஸ்டல்லயே ஒரு ஃப்ளோர்ல நாலஞ்சு பேருக்காவது இது வந்திருக்கும்னு நான் பந்தயம் கட்டுவேன். ஆனா "பேய் பாத்தியா"ன்னு கேட்டுடாதீங்க, கேட்டா அவங்களும் பாத்த படத்தையே திருப்பிச் சொல்லிடுவாங்க. படுத்திருந்த இடத்துல இருந்து என்னென்ன தெரிஞ்சுது, எந்தப் பக்கம் தலை, என்ன சத்தம் கேட்டுச்சு, யாரைக் கூப்பிட நினைச்சே, எந்த விரலை முதல்ல அசைக்கப் பாத்தே, இப்படி கேளுங்க. பக்கத்துக் கட்டில்ல ரூம்மேட் போர்வைக்குள்ள ஃபோன் பாத்துட்டு இருக்கா, அந்த வெளிச்சம் தெரியுது, கூப்பிடறேன், எனக்கு நான் கூப்பிடறது கேக்குது, அவளுக்கு கேக்கல. இந்த மாதிரி ஒண்ணு கெடச்சா போதும், அதுதான் உங்க படம். சொல்றவங்க பர்மிஷன் வாங்கி ரெக்கார்ட் பண்ணுங்க, படத்துல பேரை மாத்திடுங்க, ஊரையும் மாத்திடுங்க.

இன்னொரு முக்கியமான விஷயம், அந்த நேரத்துல உடம்பு அசையாது, ஆனா கண்ணு அசையும். இதை நல்லா பிடிச்சுக்கங்க. கேமராவை தலையணை உயரத்துல ட்ரைபாட்ல பூட்டி வெச்சுடுங்க, அது அங்க இருந்து நகரவே கூடாது, கண்ணு போற அளவுக்கு மட்டும் பக்கவாட்டுல, மேல கீழ திரும்பலாம். கண்ணுக்கு எட்டாத மூலை ஒண்ணு ரூம்ல கண்டிப்பா இருக்கும், அந்த மூலைய படம் முடியற வரைக்கும் காட்டாதீங்க. க்ரேன் வேணாம், கேமரா ஆடாம பிடிக்கற கிம்பல் வேணாம், காசே செலவில்லாம உங்க படத்துக்குன்னு ஒரு இலக்கணம் வந்தாச்சு, அதுவும் நிஜத்துல இருந்து வந்தது.

கேள்வி: எங்க கதைல ஹீரோயினுக்கு ஸ்கிஸோஃப்ரினியா, அதனால அவளுக்கே தெரியாம அவதான் கொலை பண்றான்னு கிளைமாக்ஸ்ல ட்விஸ்ட். ஒர்க் அவுட் ஆகுமா சார்? (கோயம்புத்தூர், இன்ஜினியரிங் மாணவர், ஃபிலிம் கிளப்)

ஆகாது தம்பி, கோவம் இல்லாம சொல்றேன் ஆனா அழுத்தமா சொல்றேன், இதை எடுக்காதீங்க. முதல்ல விஷயமே தப்பு. ஒரே ஆள் வேற ஆளா மாறறதுக்கும் ஸ்கிஸோஃப்ரினியாவுக்கும் சம்பந்தம் இல்ல, அது டிஸ்அசோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர்னு வேற ஒண்ணு. ஸ்கிஸோஃப்ரினியால பெரும்பாலும் குரல் கேக்கும், யாரோ தன்னைக் கவனிக்கறாங்க, கெடுக்கப் பாக்கறாங்கன்னு நம்பிக்கை வரும், ஆசை, பேச்சு, சிரிப்பு எல்லாம் மெதுவா குறைஞ்சு ஆளே ஒடுங்கிப் போவாங்க. அவங்க அடுத்தவங்களை அடிக்கறதை விட அடுத்தவங்ககிட்ட அடி வாங்கறதுதான் ஜாஸ்தி.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடில ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடிச்சுது. 28 பேர் செத்தாங்க, ஏன் ஓட முடியலன்னா கால்ல சங்கிலி போட்டுக் கட்டி வெச்சிருந்தாங்க. நீங்க அப்ப பொறந்திருக்கவே மாட்டீங்க. 2017ல வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடறதை எந்த ரூபத்துலயும் கூடாதுன்னு சொல்லுது, ஆனா சட்டம் வந்தும் மனசு மாறல, 1794ல ஆரம்பிச்ச கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி பேரை இன்னிக்கும் திட்டறதுக்குத்தானே வெச்சிருக்கோம்? சினிமாவுக்கும் அதுல பங்கு இருக்கு. நீங்க எடுக்கப்போற அந்த ட்விஸ்ட் அதே பயத்தைத்தான் இன்னொரு தடவை விக்குது. அதோட கிளைமாக்ஸ்ல டாக்டர் வந்து வியாதி பேர் சொல்லி விளக்கறதை 2005ல சந்திரமுகிலயே ஊரே பாத்தாச்சு, இனிமே யாரும் அதுக்கு அசர மாட்டாங்க.

சைக்கலாஜிக்கல் ஹாரர்ல நான் பாக்கறது ஒண்ணே ஒண்ணுதான், பாக்கறவங்க அந்த ஆளைப் பாத்து பயப்படக்கூடாது, அந்த ஆளோட சேர்ந்து பயப்படணும். அப்படி எடுக்கறதா இருந்தா உங்களுக்கு நான் ஒரு கருவே தர்றேன், எடுத்துக்கங்க. காப்க்ராஸ்னு ஒரு நிலை இருக்கு, ஜோசஃப் காப்க்ராஸ்ங்கற ஃப்ரெஞ்சு டாக்டர் 1923ல எழுதினது. அம்மா, புருஷன், புள்ளைன்னு ரொம்ப நெருங்கினவங்களைப் பாத்து, இது அச்சு அசல் அவங்க மாதிரியே இருக்கு ஆனா அவங்க இல்ல, வேற யாரோ வேஷம் போட்டு வந்திருக்காங்கன்னு உறுதியா நம்பறது. நம்ம சென்னை ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ்ல படிச்ச வி.எஸ். ராமச்சந்திரன் இதைப் பத்தி விரிவா எழுதியிருக்காரு. கார் விபத்துல தலைல அடிபட்ட ஒரு பையன் அப்பா அம்மாவை நேர்ல பாத்தா போலின்னு சொல்றான், அதே அவங்க ஃபோன்ல பேசினா, சந்தேகமே இல்லாம அப்பா அம்மான்னு பேசறான். முகத்தை அடையாளம் கண்டுபிடிக்கற பகுதி சரியா வேலை செய்யுது, ஆனா அதுல இருந்து பாசம் பொங்கற இடத்துக்குப் போற வழி அறுந்து போச்சு, காதுல இருந்து போற வழி மட்டும் அறாம இருக்குன்னு அவர் விளக்கம் சொல்றாரு.

யோசிச்சுப் பாருங்க தம்பி. வாசல்ல அம்மா நிக்கறாங்க, சாப்பாட்டுத் தூக்கோட. உள்ள இருக்கறவன் கதவைத் தாப்பாள் போட்டுட்டு அம்மாவுக்கே ஃபோன் போட்டு "அம்மா, உன்னை மாதிரியே ஒருத்தி வெளிய நிக்கறாம்மா, நீ சீக்கிரம் வா"ன்னு அழறான். வெளிய அந்த அம்மா ஃபோனைக் காதுல வெச்சுட்டு என்ன பதில் சொல்லுவாங்க? ரத்தம் வேணாம், கொலை வேணாம், ரெண்டு நடிகருங்க ஒரு கதவு. வியாதியை கடைசில அவுக்கற ரகசியமா வெக்காம முதல் நிமிஷத்துலயே நம்மளையும் அவன் பக்கம் உக்கார வெச்சுட்டா படம் எங்கயோ போயிடும். எழுதினதுக்கு அப்புறம் பக்கத்து அரசு ஆஸ்பத்திரில மனநல மருத்துவர் யாராவது ஒருத்தர்கிட்ட ஸ்கிரிப்டைக் காட்டி கேட்டுக்கங்க, நேரம் கேட்டுப் போனா பெரும்பாலும் பேசுவாங்க. நோயாளிங்களைப் பாக்கணும், ஷூட் பண்ணணும்னு மட்டும் கேக்காதீங்க.

கேள்வி: ஜம்ப் ஸ்கேர் வேணுமா வேணாமா? டீமுக்குள்ள பெரிய சண்டை.

ஜம்ப் ஸ்கேர்னா திடீர்னு எதையாவது காட்டி தூக்கிவாரிப் போட வெக்கறது. ஒண்ணு வெச்சுக்கலாம், ஒண்ணே ஒண்ணு. 1942ல கேட் பீப்பிள்னு ஒரு படம், சிறுத்தையா மாறற ஒரு பொண்ணோட கதை, வால் லூட்டன் தயாரிப்பு, கைல காசு ரொம்பக் கம்மி. ராத்திரி ஒரு பொண்ணு தனியா நடந்து வர்றா, பின்னாடி இன்னொரு காலடிச் சத்தம், அது சட்டுனு நின்னுடும், இவ வேகமா நடக்கறா, ஓடறா, நாம சிறுத்தை பாயப்போகுதுன்னு நினைக்கற நேரத்துல புஸ்ஸுனு சீறிட்டு ஃப்ரேமுக்குள்ள வந்து நிக்கறது ஒரு பஸ். இன்னிக்கு வரைக்கும் அந்த டெக்னிக்குக்கு லூட்டன் பஸ்னுதான் பேரு. ஆனா எல்லாரும் பஸ்ஸைப் பத்தியே பேசறாங்க, எனக்கென்னவோ அந்த காலடிச் சத்தம் நின்னு போற இடம்தான் பெருசா படுது. அந்த நடை இல்லாம பஸ் மட்டும் வந்தா அது வெறும் பஸ்.

அடுத்தது, படத்துக்கு ஒரு விதி இருக்கணும். டேவிட் சாண்ட்பர்க் 2013ல லைட்ஸ் அவுட்னு ஒரு குறும்படம் எடுத்தாரு, மூணு நிமிஷம் கூட இல்ல, நடிச்சது அவர் மனைவி ஒருத்தர், வசனமே கெடையாது. லைட்டை அணைச்சா உருவம் தெரியும், போட்டா காணாம போயிடும், அவ்ளோதான் விதி. அதை வெச்சே 2016ல ஹாலிவுட்ல முழுப்படமும் பண்ணிட்டாரு. விதி பாக்கறவங்களுக்குப் புரிஞ்சதுக்கு அப்புறம் ஸ்விட்ச் போர்டைக் காட்டினாலே வயித்தைப் பெசையும். உங்க டீம் சண்டையை நிறுத்திட்டு முதல்ல உங்க படத்தோட விதி என்னன்னு ஒரே வரில எழுதுங்க, எழுத முடியலைன்னா ஜம்ப் ஸ்கேர் வெச்சும் பிரயோஜனம் இல்ல.

கேள்வி: கண்ணாடி சீன் ஒண்ணு கண்டிப்பா வேணும்னு ஆசைப்படறேன், ஆனா கதவைச் சாத்தினதும் பின்னாடி உருவம் நிக்கறது ரொம்பப் பழசா இருக்கு. வேற ஏதாவது ஐடியா? (திருச்சி)

பின்னாடி யாரும் வேணாம், முகமே போதும். ஜொவான்னி கபூட்டோன்னு இத்தாலிக்காரர் ஒருத்தர் 2010ல ஒரு சோதனை எழுதினாரு. 50 பேரை மங்கின வெளிச்சத்துல கண்ணாடி முன்னாடி உக்கார வெச்சு, பத்து நிமிஷம் உங்க முகத்தையே பாருங்கன்னு சொன்னாரு. அதுல 66 சதவீதம் பேர் தன் முகம் பயங்கரமா கோணிப் போச்சுன்னு சொல்லியிருக்காங்க, சிலருக்கு செத்துப்போன சொந்தக்காரங்க முகம், சிலருக்கு யாருன்னே தெரியாத முகம், சிலருக்கு மிருகம். எல்லாரும் நல்லா இருக்கற சாதாரண ஆளுங்க. ஒரே இடத்தை அசையாம பாத்துட்டே இருந்தா சுத்தி இருக்கறது கண்ணுக்கு மங்கிப் போயிடும், அந்த ஓட்டையை மூளை எதையாவது வெச்சு நிரப்பப் பாக்குது. ராத்திரில கண்ணாடி பாக்காதேன்னு வீட்டுல திட்டுவாங்க இல்ல, எனக்கு இதைப் படிச்சப்ப அதுதான் ஞாபகம் வந்துச்சு.

எடுக்கறப்போ வெளிச்சம் ஆள் முதுகுக்குப் பின்னாடி கீழ இருக்கட்டும், கண்ணாடில அந்த பல்பு தெரியக்கூடாது. நடிக்கற பொண்ணை நிஜமாவே ஒரு ரெண்டு மூணு நிமிஷம் பாத்துட்டே இருக்கச் சொல்லுங்க, வெட்டாதீங்க, அவ கண்ணுல ஏதோ ஒண்ணு மாறும், அதை நடிச்சு வரவழைக்க முடியாது. முன்னாடியே அவகிட்ட விஷயத்தைச் சொல்லி சம்மதம் வாங்கிட்டு செய்யுங்க. எடிட்ல ஒண்ணே ஒண்ணு பண்ணலாம், கண்ணாடிக்குள்ள இருக்கற முகத்தைத் தனியா எடுத்து, வெளிய இருக்கறவளை விட ஆறு ஃப்ரேம் லேட்டா ஒட்டுங்க. 24 ஃப்ரேம்ல எடுத்தா அது கால் செகண்டுதான். நெறைய பேருக்கு என்ன தப்புன்னு சொல்லத் தெரியாது, ஆனா உக்காந்திருக்க முடியாது.

கேள்வி: பட்ஜெட் அஞ்சாயிரம், கேமரா ஃபோன்தான். நைட் சீன் எடுத்தா வீடியோல லைட் பட்டை பட்டையா ஓடுது, இருட்டு பூரா புள்ளி புள்ளியா இருக்கு. என்ன பண்றது ப்ரோ?

பட்டை ஓடறது நம்ம ஊர் கரண்டால. இங்க 50 ஹெர்ட்ஸ், லைட் செகண்டுக்கு 100 தடவை மினுக்கும், அதனால ஃபோன்ல மேனுவல் மோட் இருக்கற கேமரா ஆப் போட்டு ஷட்டர் ஸ்பீடை செகண்டுல ஐம்பதுல ஒண்ணு இல்லைன்னா நூறுல ஒண்ணுன்னு வெச்சா பெரும்பாலும் நின்னுடும். சில மலிவான எல்இடி அப்பவும் அடங்காது, அதை மாத்திட்டு வேற பல்பு போடுங்க. ஃபோகஸ், எக்ஸ்போஷர், வைட் பேலன்ஸ் மூணையும் லாக் பண்ணிடுங்க, இல்லைன்னா நடிக்கறவ திரும்பும்போதெல்லாம் ஃபோன் தானா வெளிச்சத்தைக் கூட்டும். புள்ளி புள்ளியா வர்றதுக்கு காரணம் நீங்க நிஜ இருட்டுல எடுக்கறதுதான். இருட்டுன்னா வெளிச்சமே இல்லாம இருக்கறது இல்ல, ஒரு பக்கம் நல்ல வெளிச்சம் விழுந்து மறுபக்கம் விழாம இருக்கறது. ஒரு டேபிள் லேம்ப் போதும், முகத்துல பாதிக்கு போடுங்க, மீதியை விடுங்க.

அஞ்சாயிரத்துல பெரும்பகுதியை சத்தத்துக்கு செலவு பண்ணுங்க, ஒரு வயர் வெச்ச காலர் மைக் வாங்கினாலே பாதி பிரச்சினை முடியும். ஒவ்வொரு லொகேஷன்லயும் யாரும் பேசாம ஒரு நிமிஷம் ரூம் டோன், அதாவது அந்த இடத்தோட வெறும் சத்தத்தை மட்டும் எடுங்க, இதை மறந்துடாதீங்க, எடிட்ல உக்காரும்போதுதான் அருமை தெரியும். பாஸ், அதாவது தும்முனு அதிர்ற ஆழமான சத்தம் போட்டு பயமுறுத்தலாம்னு நினைக்காதீங்க, உங்க படத்தை பாதிப்பேர் ஃபோன் ஸ்பீக்கர்லதான் கேப்பாங்க, அதுல அந்த ஆழமான சத்தம் வரவே வராது. அதுக்கு பதிலா இருக்கற சத்தத்தை எடுத்துடுங்க. கரண்ட் போற நேரத்தை கவனிச்சிருக்கீங்களா, ஃபேன் மெதுவா இறங்கி கடைசிச் சுத்துல க்ரீக்னு நிக்கும், ஃப்ரிட்ஜ் ஒரு குலுங்கு குலுங்கி அடங்கும், தெரு நாய் அப்பதான் கேக்கும், எங்கயோ ஒரு வீட்டுல யுபிஎஸ் பீப் அடிக்கும். நம்ம ஊர் ஆடியன்ஸ் ஒவ்வொருத்தருக்கும் அந்த அமைதி உடம்புல பதிஞ்சிருக்கு, அதை அப்படியே ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கங்க.

கேள்வி: சார், வணக்கம். என் பொண்ணு காலேஜ் படிக்கறா, ரெண்டு மாசமா பேய்ப்படம், மனநோய் புஸ்தகம்னு ராத்திரி பகலா அதுலயே கெடக்கறா. வீட்டு ஹால்லயே ஷூட்டிங் பண்ணணும்ங்கறா. பயமா இருக்கு, இதெல்லாம் அவ மனசைக் கெடுத்துடாதா? (ஒரு அம்மா, திருநெல்வேலி)

வணக்கம்மா. உங்க கவலை நியாயமானது, ஆனா பயத்தைப் பத்தி படிக்கறதும் அதை நாலு பேரோட சேர்ந்து படமா எடுக்கறதும் மனசைக் கெடுக்காது, பயத்தை தூரமா வெச்சுப் பாக்கக் கத்துக் கொடுக்கும். நீங்க பாக்க வேண்டியது வேற. அவ சாப்பிடறாளா, தூங்கறாளா, ஃப்ரெண்ட்ஸ் கூட சிரிச்சுப் பேசறாளா, அதைப் பாருங்க. தூக்கம் போச்சு, ஆளே ஒதுங்கிட்டா, இல்ல அமுக்கற மாதிரி அவளுக்கே அடிக்கடி வருதுன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. டெலி மானஸ்னு அரசாங்க உதவி எண் 14416 இருக்கு, காசு கெடையாது, எந்நேரமும் பேசலாம், தமிழ்ல பேசுவாங்க.

ஹாலைக் கொடுங்கம்மா. ஒரு கண்டிஷன் போடுங்க, ராத்திரி பதினொரு மணிக்கு பேக்கப். அதோட அக்கம்பக்கத்துல முன்னாடியே சொல்லச் சொல்லுங்க, இல்லைன்னா பொண்ணு அலறற சத்தம் கேட்டு யாராவது போலீஸுக்கு ஃபோன் போட்டுடுவாங்க. மத்த பசங்களுக்கும் இதே சொல்றேன், தெருவுல போறவங்களை பேய் வேஷத்துல பயமுறுத்தி ரியாக்‌ஷன் எடுக்கற வேலை வேண்டவே வேண்டாம், யாருக்கு நெஞ்சுவலி இருக்கும்னு தெரியாது. நடிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை கொடுத்து வைங்க, அதைச் சொன்னா அந்த நிமிஷமே கட், ஏன் எதுக்குன்னு கேக்கக்கூடாது.

கேள்வி: முடிவை ஓபனா விடலாமா? அவ பாத்தது நிஜமா மனசான்னு சொல்லாமலே முடிச்சா நல்லா இருக்கும்னு எனக்குத் தோணுது, கைடு ஒத்துக்க மாட்டேங்கறாரு. (சேலம்)

தாராளமா விடலாம், பாக்கறவங்களுக்கு ஓபனா இருக்கட்டும், ஆனா உங்களுக்கு தெரிஞ்சிருக்கணும். தெரியலைன்னா நடிக்கறவளுக்கு அவ எதைப் பாத்து திரும்பறான்னு சொல்ல முடியாது, கேமராமேனுக்கு காலி நாற்காலில ஃபோகஸ் வெக்கணுமா சுவத்துலயான்னு சொல்ல முடியாது, எல்லாமே மழுப்பலா வரும், அந்த மழுப்பல் ஓபன் என்டிங் இல்ல. உங்க கைடு அநேகமா அதுக்குத்தான் ஒத்துக்க மாட்டேங்கறாரு. ஒண்ணு பண்ணுங்க, டீம்ல இருக்கற எல்லாரும் தனித்தனியா உக்காந்து, அந்த ராத்திரி ரூம்ல நிஜமா என்ன நடந்துச்சுன்னு ஒரு பக்கம் எழுதி, ஒருத்தருக்கொருத்தர் காட்டாம கைடுகிட்ட கொடுங்க. எல்லாத்துலயும் ஒரே பதில் இருந்தா அவரே ஒத்துக்குவாரு. ஆளுக்கொரு பதில் இருந்தா லொகேஷன் புக் பண்றதைத் தள்ளிப் போட்டுட்டு ஸ்கிரிப்டை இன்னொரு தடவை எழுதுங்க.